வாடகைக்கு ஆள் தேடித் தரும் தொழில்: தரகர் யாருடைய ஆள்?

சென்னையில் வீட்டுத் தரகில் இறங்கப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. ஒரு கைபேசி, ஒரு ஸ்கூட்டர், தெருவில் நாலு பேரின் அறிமுகம் இருந்தால் மறுநாளே தொடங்கிவிடலாம். இஸ்திரிக் கடைக்காரர், மளிகைக் கடைக்காரர், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளி, பணி ஓய்வு பெற்றவர் என்று பலர் இதைப் பக்க வருமானமாகச் செய்கிறார்கள். நுழைவது இவ்வளவு எளிதாக இருப்பதால் போட்டி கடுமையாக இருக்கிறது. தரகர் என்றாலே முகம் சுளிக்கும் பழக்கமும் வளர்ந்திருக்கிறது.

இதை ஒரு பெயரோடும் ரசீதுப் புத்தகத்தோடும் முறையான தொழிலாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கு எழும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு கட்டாயமா? இரு தரப்பிடமும் தரகு வாங்கலாமா? 11 மாத ஒப்பந்தம் போட்டுவிட்டால் பதிவு தேவையில்லையா? அட்வான்ஸ் தொகையைத் தரகர் கையில் வாங்கலாமா? அடிப்படையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் இவை எல்லாம் ஒரே கேள்வியில் போய் முட்டுகின்றன: தரகர் யாருடைய ஆள்? வீட்டு உரிமையாளருக்கு ஆள் தேடித் தருவதாகச் சொல்லிக்கொண்டு, கூலியை வாடகைதாரரிடம் வாங்குவதுதான் இங்கே நெடுங்கால வழக்கம். இந்தத் தொழிலின் பெரும்பாலான கோளாறுகள் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஒரே பெயரில் மூன்று தொழில்கள்

'வாடகைக்கு விட்டுத் தருகிறோம்' என்ற ஒரே விளம்பரத்துக்குப் பின்னால் மூன்று வேறு வேறு தொழில்கள் இருக்கின்றன. எதைச் செய்யப் போகிறோம் என்று முதலில் தெளிவாக வேண்டும்.

1. ஆள் தேடித் தருபவர். வீட்டைப் பார்த்து, விளம்பரம் செய்து, வருகிறவர்களுக்குக் காட்டி, பொருத்தமானவரை உரிமையாளரிடம் சேர்ப்பதோடு இவர் வேலை முடிகிறது. வாடகை, அட்வான்ஸ் எதுவும் இவர் கை வழியாகப் போக வேண்டியதில்லை.

2. சொத்து மேலாளர். உரிமையாளர் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருந்தால் அவர் சார்பில் வாடகை வசூலிப்பது, குழாய் ஒழுகினால் ஆள் அனுப்புவது, அறிவிப்புக் கொடுப்பது எல்லாம் இவர் பொறுப்பு. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் 'சொத்து மேலாளர்' என்பவரை அங்கீகரித்து, அவருக்குக் கடமைகளையும் வரையறுத்திருக்கிறது. குடிநீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வாடகைதாரரை நெருக்கக்கூடாது என்ற தடை உரிமையாளரோடு இவரையும் கட்டுப்படுத்தும்.

3. வீட்டைத் தானே எடுத்து மறுவாடகைக்கு விடுபவர். உரிமையாளருக்கு மாதாமாதம் ஒரு தொகையை உறுதியளித்துவிட்டு, வீட்டை வேறொருவருக்கு அதிகத் தொகைக்கு விட்டு வித்தியாசத்தை எடுத்துக்கொள்பவர். உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

மூன்றாவது வகைதான் பார்க்க மிகவும் கவர்ச்சியாக இருக்கும். ஆபத்தும் அதில்தான் அதிகம். சென்னையில் காவல்துறைக்கு மீண்டும் மீண்டும் புகார்களாக வரும் 'லீஸ் மோசடி' இந்த வழியில்தான் நடக்கிறது. இங்கே 'லீஸ்' என்றால் மாத வாடகை கிடையாது. குடிவருபவர் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு, காலி செய்யும்போது வட்டியில்லாமல் அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவார். மோசடி செய்கிறவர் உரிமையாளரிடம் மாத வாடகை பேசி வீட்டை எடுக்கிறார். குடும்பத்திடம் லீஸ் பேசி மொத்தத் தொகையை வாங்கிக்கொள்கிறார். சில மாதங்கள் அந்தப் பணத்திலிருந்தே உரிமையாளருக்கு வாடகை போகிறது. பிறகு கைபேசி அணைக்கப்படுகிறது. வாடகை வரவில்லை என்று வந்து நிற்கும் உரிமையாளரும், லட்சங்களைக் கொடுத்துவிட்ட குடும்பமும் ஒருவரையொருவர் திகைத்துப் பார்க்கிறார்கள். இருவருமே ஏமாற்றப்பட்டவர்கள். மகளின் திருமணத்துக்கென்று சேர்த்த பணமாகவோ, நகையை அடகு வைத்துப் புரட்டிய பணமாகவோதான் பெரும்பாலும் அந்த லீஸ் தொகை இருக்கும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர் முதல் சில ஆண்டுகளுக்கு மொத்தத் தொகை லீஸ் வீடுகளைத் தொடாமலிருப்பதே நல்லது.

இரண்டாவது வகை நேர்மையான தொழில்தான். ஆனால் வீடு கூடக் கூட வேலையும் அதே அளவுக்குக் கூடும். நூறு வீட்டுக்கு நூறு வீட்டுக் குழாய்கள். பெங்களூரில் 2015 இல் தொடங்கி, பெருமளவு முதலீடு திரட்டி, பல நகரங்களில் வீடுகளை நிர்வகித்த நெஸ்ட்அவே நிறுவனம் 2023 இல் சுமார் 90 கோடி ரூபாய்க்கு ஆரம் பிராப்டெக் நிறுவனத்திடம் கைமாறியது. அது திரட்டிய முதலீட்டோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. தனிமனிதராகத் தொடங்குகிறவர் முதல் வகையில் காலூன்றி, நம்பிக்கை வளர்ந்த பிறகு சில உரிமையாளர்களுக்கு மட்டும் இரண்டாவது வகைச் சேவையைச் செய்வதே தாங்கக்கூடிய வழி. இந்தக் கட்டுரையின் எஞ்சிய பகுதி முதல் வகையைப் பற்றியதே.

உரிமையாளர் எதற்காகப் பணம் தர வேண்டும்?

'டு-லெட் பலகை மாட்டினால் ஆள் வரப் போகிறது. இதற்கு எதற்குத் தரகு?' என்று உரிமையாளர் கேட்பார். இதற்குப் பதில் கணக்கில் இருக்கிறது.

மாதம் 24,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீடு, ஒரு நாள் காலியாக இருந்தால் 800 ரூபாய் போகிறது. பலகை மாட்டிவிட்டுக் காத்திருந்து 45 நாளில் ஆள் கிடைத்தால் இழப்பு 36,000 ரூபாய். தரகர் 15 நாளில் ஆளைச் சேர்த்தால் இழப்பு 12,000 ரூபாயோடு நிற்கும், மிச்சம் 24,000. அதில் அரை மாத வாடகையான 12,000 ரூபாயைத் தரகாகக் கொடுத்தாலும் உரிமையாளருக்கு 12,000 ரூபாய் லாபம்தான். பராமரிப்புக் கட்டணமும் சொத்து வரியும் வீடு காலியாக இருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உரிமையாளருக்கு வாடகை இழப்பைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. 'வந்தவர் காலி செய்ய மறுத்தால்?' 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகளும் கட்டடங்களும் காலியாக இருந்தன. முதலீட்டுக்காக வாங்கிப் போட்டது, பழுதடைந்தது எனப் பல காரணங்கள் இதற்கு உண்டு. வாடகைதாரர் மீதான அச்சம் அவற்றில் முக்கியமான ஒன்று. தமிழ்நாட்டில் 1960 ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில் ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்குகளின் நினைவு குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. 'சில வருஷம் தொடர்ந்து இருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடும்' என்ற வதந்தியும் கூடவே உலவுகிறது. வாடகைதாரராக, உரிமையாளரின் அனுமதியோடு குடியிருப்பவருக்கு வெறுமனே ஆண்டுகள் கழிவதால் வீடு சொந்தமாகாது. இந்த அச்சத்தை ஆவணங்களாலும் சரிபார்ப்பாலும் குறைப்பவருக்கு உரிமையாளர் மனமுவந்து பணம் தருவார். வெறும் கைபேசி எண்ணைக் கொடுப்பவருக்குத் தரமாட்டார். நோபுரோக்கர் போன்ற இணையத் தளங்கள் வந்த பிறகு, எண்ணைத் தேடி எடுப்பதை யாரும் தாங்களே செய்துகொள்கிறார்கள்.

தரகு யாரிடம் வாங்குவது?

சென்னை வழக்கப்படி ஒரு மாத வாடகை தரகு. பெரும்பாலும் அதை வாடகைதாரர் தருகிறார். சில பகுதிகளில் இரு தரப்பிலும் ஆளுக்குப் பதினைந்து நாள் வாடகை. சில தரகர்கள் இரு தரப்பிலும் முழு மாத வாடகையை வாங்குகிறார்கள். தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம் தரகுக்கு உச்சவரம்பு எதையும் விதிக்கவில்லை என்பதால் இது பேரத்தைப் பொறுத்தே அமைகிறது.

வாடகைதாரர் பணம் தருவதால் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். வீடு மாறுகிறவருக்கு அது கையிலிருந்து பணம் கரையும் மாதம். அட்வான்ஸ், முதல் மாத வாடகை, சாமான் ஏற்றும் செலவு, இவற்றோடு ஒரு மாத வாடகை தரகும் சேர்கிறது. பழைய வீட்டு அட்வான்ஸ் இன்னும் கைக்கு வந்திருக்காது. வந்தாலும் பெயின்டிங் செலவென்று ஒரு மாத வாடகை கழிக்கப்பட்டிருக்கும். இத்தனையும் கொடுத்தவர், தான் பணம் கொடுத்த தரகர் தன் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம். ஆனால் தரகருக்கு அடுத்த வீட்டைத் தரப்போகிறவர் உரிமையாளர். ஆகவே அவர் உரிமையாளரைப் பகைத்துக்கொள்ள மாட்டார். தண்ணீர் வராத வீட்டை 'தண்ணீர்ப் பிரச்சினையே இல்லை' என்று காட்டுவதும், மழைநீர் தேங்கும் தெருவைக் கோடையில் காட்டி முடிப்பதும் இந்தக் குழப்பத்தில்தான் நடக்கின்றன.

பிற நாடுகளும் இதே சிக்கலைச் சந்தித்து ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் 2015 ஜூன் 1 முதல், வாடகை வீட்டுத் தரகரை யார் அமர்த்துகிறாரோ அவரே கூலி தர வேண்டும். இங்கிலாந்தில் 2019 ஜூன் 1 முதல், வாடகைதாரரிடம் முகவர்கள் வாங்கிவந்த பெரும்பாலான கட்டணங்கள் தடை செய்யப்பட்டன. நியூயார்க் நகரத்திலும் 2025 ஜூன் 11 முதல், உரிமையாளர் அமர்த்திய தரகருக்கு வாடகைதாரர் பணம் தர வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அங்கே ஓராண்டு வாடகையில் 15 விழுக்காடு வரை தரகு வாங்கிய காலம் உண்டு.

இந்தியாவில் இப்படிச் சட்டம் இல்லை. ஆனால் 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவரைப் பற்றிச் சொல்வது இங்கேயும் பொருந்தும். முகவர், தன்னை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். அவர் சார்பில் பெற்ற பணத்தை அவரிடம் சேர்க்கக் கடமைப்பட்டவர் (பிரிவுகள் 213, 218). முறைகேடாக நடந்த பகுதிக்குக் கூலி கேட்கும் உரிமை அவருக்குக் கிடையாது (பிரிவு 220). உரிமையாளரின் முகவராக இருந்துகொண்டு, அவருக்குத் தெரியாமல் மறுபக்கத்திலும் பணம் வாங்குவது இந்தக் கடமைகளோடு ஒத்துப்போகாது. இரு பக்கமும் வாங்கியே ஆக வேண்டுமென்றால், இரு பக்கத்துக்கும் அதை எழுத்தில் தெரிவித்துவிட்டு வாங்குவதே குறைந்தபட்ச நேர்மை.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு இதில் ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 'வாடகைதாரரிடம் தரகு இல்லை' என்று விளம்பரத்தில் போடக்கூடிய வீட்டுக்கு விசாரிப்புகள் அதிகம் வரும். விசாரிப்பு அதிகமானால் தேர்ந்தெடுக்க இடம் இருக்கும், வீடும் விரைவில் நிரம்பும். அதைக் காட்டியே உரிமையாளரிடம் தரகு கேட்கலாம். முதல் சில வீடுகளுக்கு உரிமையாளர் தயங்குவார். காலி நாட்களின் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். எஞ்சியவர்களை விட்டுவிடலாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

1. ரெரா. 2016 ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு செய்யப்பட்ட கட்டுமானத் திட்டங்களில் மனை, வீடு விற்பனைக்கு இடைநிற்கும் முகவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. வாடகைக்கு மட்டும் ஆள் தேடித் தருபவர் அந்த வரையறைக்குள் வருவதில்லை. ஆனால் 'அந்தப் புதுக் குடியிருப்பில் ஒரு வீடு விற்பனைக்கு இருக்கிறது, முடித்துக் கொடுங்கள்' என்று யாராவது கேட்டு, ஆசையில் தலையிட்டால் அந்த நொடியே வரையறை மாறிவிடும். பதிவில்லாமல் அதைத் தொடக்கூடாது.

2. வாடகை ஒப்பந்தப் பதிவு. 2017 இல் இயற்றப்பட்ட, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்து, 1960 ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியது. இதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தான 90 நாட்களுக்குள் வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கென அரசு இணையதளம் இருக்கிறது. பதிவானால் ஒரு பதிவு எண் கிடைக்கும். தகராறு வந்தால் வாடகை அதிகார அமைப்பு, வாடகை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம் என்ற மூன்று படிகளில் தீர்வு தேட வேண்டும்.

3. பதினொரு மாத நம்பிக்கை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1908 ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்க 11 மாத ஒப்பந்தம் போடும் பழக்கம் வந்தது. மேலே சொன்ன வாடகைச் சட்டத்தின் பதிவு வேறு. ஒப்பந்தம் 11 மாதமென்றாலும் அது வேண்டும். இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொண்டு பல தரகர்கள் வாடிக்கையாளருக்குத் தவறான உறுதி கொடுக்கிறார்கள். பதிவில்லாத ஒப்பந்தத்தோடு பின்னாளில் வழக்குக்குப் போகும் உரிமையாளர்தான் அதன் விளைவைச் சந்திக்கிறார்.

4. அட்வான்ஸ். வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக்கூடாது என்பது சட்டத்தின் நிலை. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதினால் கூடுதலாக வாங்க இடமிருக்கிறது. சென்னையில் ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் சாதாரணம்; இப்போதும் ஐந்து, ஆறு மாதம் கேட்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள். கேட்கும் அட்வான்ஸ் உயர உயர, வரக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைந்து காலி நாட்கள் கூடும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது தரகரின் வேலை.

5. ஜிஎஸ்டி. தரகுச் சேவைக்கு 18 விழுக்காடு வரி. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். தாண்டிய பிறகு 12,000 ரூபாய்த் தரகு 14,160 ரூபாயாகிவிடும். தனிநபர் உரிமையாளரால் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது என்பதால், அந்தக் கட்டத்தில் கட்டணத்தை மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.

6. வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்கள். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளில் அடுக்குமாடி வீடு வாங்கிப் போட்டிருப்பவர்களில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் கணிசமானவர்கள். அப்படிப்பட்டவருக்கு வாடகை தரும் குடித்தனக்காரர், வருமான வரியை 30 விழுக்காடும் அதன்மீதான கூடுதல் தீர்வையும் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம் என்பது உள்நாட்டில் வாழும் உரிமையாளருக்கான விதி. அந்த வரம்பு இங்கே கிடையாது. வாடகைதாரருக்கு இது தெரியாமல் போனால் வரித்துறை அறிவிப்பு அவருக்குத்தான் வரும். ஒப்பந்தத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிற தரகருக்கு, வேறு விளம்பரம் தேவைப்படாத அளவுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

ஆளைச் சரிபார்ப்பதும், ஆளைக் கழிப்பதும்

அடையாள ஆவணத்தின் அசலைப் பார்த்துவிட்டு, ஆதாரின் கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட பிரதியை வாங்கிக்கொண்டால் போதும். வேலையில் இருப்பவரிடம் பணி நியமனக் கடிதமும் சமீபத்திய சம்பளச் சீட்டும் கேட்கலாம். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் வருமான வரிக் கணக்கைக் கேட்கலாம். வாடகை, குடும்ப வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தவணை தவறும் வாய்ப்பு கூடுகிறது என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் வாடகைதாரர் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கும் வசதியும் உண்டு.

முந்தைய வீட்டு உரிமையாளரிடம் பேசுவது இவை எல்லாவற்றையும்விடப் பயனுள்ளது. ஆனால் இப்போது குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர், தொல்லை தருகிறவர் போனால் போதும் என்று நல்ல வார்த்தை சொல்லிவிடக்கூடும். அதற்கு முந்தைய வீட்டு உரிமையாளருக்கு அந்த அவசியம் இல்லை. ஆகவே கேட்க வேண்டியவர் அவரே.

இப்படித் திரட்டும் ஆவணங்கள் வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடாது. 2023 இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காக வாங்கினோமோ அது முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்ற கொள்கையின் மேல் நிற்கிறது. வீடு கிடைக்காமல் போனவரின் ஆவணங்களை உடனே அழித்துவிடுவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சரிபார்ப்பு என்ற பெயரில் நடக்கும் இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. 'நீங்கள் சைவமா?', 'சொந்த ஊர் எது?', 'என்ன ஆட்கள்?' – தொலைபேசியில் தரகர் கேட்கும் முதல் மூன்று கேள்விகள் பெரும்பாலும் இவைதான். வாடகை கட்டும் திறனைப் பற்றி இவை எதுவும் சொல்வதில்லை. சாதியையும் மதத்தையும் நேரே கேட்கக் கூச்சப்படும் உரிமையாளர், அந்த வேலையைத் தரகரிடம் ஒப்படைத்துவிடுகிறார். தனியாக வாழும் பெண்ணும், இஸ்லாமியக் குடும்பமும், தலித் குடும்பமும், 'இப்போதுதான் வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்' என்ற பதிலை ஒவ்வொரு தெருவிலும் கேட்டுக்கொண்டே நகரத்தின் ஓரத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். தனியார் ஒருவர் தன் வீட்டை யாருக்கு விடுவது என்பதில் நம் சட்டம் போதுமான அளவுக்குத் தலையிடவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்க மாட்டேன் என்று சொல்ல எந்தத் தரகருக்கும் தடையில்லை. உரிமையாளரிடம் நிபந்தனைகளை எழுதி வாங்கும்போது படிவத்தில் குடியேறுவோர் எண்ணிக்கை, வருமானம், எவ்வளவு காலம் இருப்பார்கள், வாகனம், வளர்ப்பு விலங்கு ஆகியவற்றுக்கு மட்டும் இடம் வைத்தால் பலர் வேறெதையும் எழுதத் தயங்குவார்கள். அதையும் மீறிக் கேட்கிற உரிமையாளரின் வீடு வேண்டாம். வரக்கூடியவர்களில் பாதிப் பேரைக் கழித்துவிட்டு, மீதிப் பேரில் பதினைந்து நாளில் ஆள் பிடித்துத் தரச் சொல்லும் அந்த வீடு, தொழில் கணக்கிலும் நஷ்டம்தான்.

உரிமையாளரையும் சரிபார்க்க வேண்டும். வீட்டைக் காட்டுகிறவர் உண்மையில் உரிமையாளர்தானா என்பதைச் சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை, கிரையப் பத்திர நகல் ஆகியவற்றிலுள்ள பெயர்களை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். உடன்பிறந்தோர் பங்கு பிரிக்காத வீடென்றால் மற்றவர்களின் சம்மதமும், அதிகாரப் பத்திரம் வைத்திருப்பவரென்றால் அந்தப் பத்திரமும் வேண்டும்.

கையில் நிற்கக்கூடாத பணம்

வீடு பிடித்ததும் 'டோக்கன்' என்று ஐயாயிரமோ பத்தாயிரமோ தரகர் கையில் கொடுப்பது வழக்கம். பேச்சு முறிந்தால் அந்தப் பணம் யாருடையது என்பதில்தான் பெரும்பாலான சண்டைகள் தொடங்குகின்றன. டோக்கனும் அட்வான்ஸும் வாடகைதாரரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக உரிமையாளரின் கணக்குக்குப் போகட்டும். திரும்பத் தர வேண்டிய சூழ்நிலை எது என்பதை ஒரு வரியில் வாட்ஸ்அப்பிலாவது இருவரும் உறுதிப்படுத்தட்டும். தரகரின் கணக்குக்கு வருவது தரகு மட்டுமாக இருக்க வேண்டும், அதற்கும் ரசீது வேண்டும். வீடு காட்டுவதற்கே கட்டணம் வாங்கும் பழக்கத்தை அடியோடு ஒதுக்கிவிடலாம்.

வருமானத்தைப் பற்றியும் தெளிவான எதிர்பார்ப்பு வேண்டும். சராசரி வாடகை 20,000 ரூபாய் உள்ள பகுதியில், அரை மாதத் தரகுக்கு மாதம் நான்கு வீடு முடித்தால் 40,000 ரூபாய் வரும். பெட்ரோல், இணைய விளம்பரம், புகைப்படம், தொலைபேசி எல்லாம் அதற்குள்தான். எல்லா மாதமும் நான்கு வீடு முடியாது. பள்ளி விடுமுறையை ஒட்டிய ஏப்ரல் முதல் ஜூன் வரை நிற்க நேரமிருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாற விரும்பாத குடும்பங்கள் ஏராளம். அந்த மாதங்களுக்கான பணத்தை முன்கூட்டியே எடுத்து வைக்காதவர்கள்தான் டோக்கன் பணத்தில் கை வைக்கிறார்கள்.

முதல் வீட்டை எடுப்பதற்கு முன் எழுத வேண்டியவை

உரிமையாளரோடு ஒரு பக்க ஒப்பந்தம் போதும். அதில் இருக்க வேண்டியவை:

1. வாடகை, பராமரிப்புக் கட்டணம், அட்வான்ஸ் ஆகியவற்றின் தொகையும், பேரத்தில் எதுவரை இறங்கலாம் என்பதும். மின் இணைப்பு தனியா, உள்மீட்டரா என்பதை இதிலேயே எழுதிவிட வேண்டும். உள்மீட்டருக்கு யூனிட் கணக்கில் உரிமையாளர் வாங்கும் தொகையைப் பற்றித்தான் பிற்பாடு அதிகம் சண்டை வரும்.

2. தரகு எவ்வளவு, எப்போது. வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாகி அட்வான்ஸ் உரிமையாளர் கணக்கில் ஏறிய அன்று என்று எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம்.

3. எத்தனை நாளுக்கு இந்த வீட்டை வேறு தரகரிடம் கொடுப்பதில்லை என்பது. ஒரே வீட்டை ஐந்து தரகர்கள் காட்டினால் யாரும் சரிபார்ப்பில் நேரம் செலவிட மாட்டார்கள். முதலில் கிடைத்தவரைச் சேர்த்துவிடவே ஓடுவார்கள். 30 நாள் கேட்கலாம்.

4. பழைய குடித்தனக்காரர் இன்னும் வீட்டில் இருக்கும்போது காட்டுவது எப்படி என்பது. உரிமையாளரே நுழைவதென்றாலும் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சமையலறையில் ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போது நான்கு பேரைத் திடீரென்று கூட்டிக்கொண்டு போய் நிற்பது அநாகரிகம். வாரத்தில் இரண்டு மாலைகளைக் குறித்துக்கொண்டு அவற்றில் மட்டும் காட்டலாம்.

5. சாவி கொடுக்கும் நாளில் சுவர், தரை, குழாய், மின்விசிறி, கதவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கித் தருவது. காலி செய்த பின் கழிவுகள் போக மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று வாடகைச் சட்டம் சொல்கிறது. எது பழைய விரிசல், எது புதியது என்பதை அன்று எடுத்த படங்கள் தீர்த்துவைக்கும்.

6. குடிவந்தவர் மூன்று மாதத்துக்குள் போய்விட்டால் அடுத்த ஆளைத் தரகின்றித் தேடித் தருவது. அதேபோல, 11 மாதம் முடிந்து அதே குடும்பம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தால் தரகு கிடையாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போது மீண்டும் அரை மாதத் தரகு கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஆள் தேடுவதுதான் வேலை என்றால், தேடாத ஆளுக்குக் கூலி கேட்க முடியாது. புதிய ஒப்பந்தத்தைத் தயாரித்துப் பதிவு செய்து தரும் வேலையை உரிமையாளர் கேட்டால், அதற்கென்று தனியாக ஒரு சிறு கட்டணம் வைத்துக்கொள்ளலாம்.